டிஜிட்டல் பியானோவுக்கு எந்த ஹெட்போன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுசாக டிஜிட்டல் பியானோ வாங்கியவர்கள் அடுத்த வாரமே கேட்க ஆரம்பிப்பது ஹெட்போனைப் பற்றித்தான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் கொட்டியிருக்கிறேன். பல வருடமாக தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் ஹெட்போனோடு வாசிக்கிறவன் என்பதுதான் என் தகுதி. ஒலிப் பொறியாளன் எல்லாம் இல்லை.

பியானோவிலேயே ஸ்பீக்கர் இருக்கிறதே, ஹெட்போன் எதற்கு?

ராத்திரியில் ஒரே பாட்டின் அதே நாலு வரியை நாற்பது தடவை வாசித்துப் பாருங்கள், வீட்டில் இருப்பவர்களே பதில் சொல்வார்கள்.

அதுமட்டும் காரணம் இல்லை. தூக்கிக்கொண்டு போகிற மாதிரி மெலிசாக வரும் பியானோக்களில் ஸ்பீக்கர் சின்னதாக இருக்கும், பல மாடல்களில் அது கீழே பார்த்தபடியோ பின்பக்கம் பார்த்தபடியோ வைக்கப்பட்டிருக்கும். சத்தம் மேஜையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பித்தான் உங்களிடம் வருகிறது. உள்ளே பதிவாகியிருக்கும் பெரிய கிராண்ட் பியானோவின் நாதத்தில் பாதி அங்கேயே தொலைந்துவிடும். சுமாரான ஒரு ஹெட்போனை மாட்டினால்கூட பெடலை மிதிக்கும்போது கம்பிகள் எல்லாம் சேர்ந்து மெதுவாக முனகுவதும், கையை எடுத்த பிறகு கார்வை அடங்கும் விதமும் கேட்க ஆரம்பிக்கும். கூடவே குறைகளும் கேட்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சில வினாடிக்கு அப்புறம் அதே துண்டு ஒலி சுற்றிச் சுற்றி வருவது விலை குறைந்த பியானோக்களில் ஹெட்போனில்தான் முதலில் பிடிபடும். அது ஹெட்போனின் தப்பு இல்லை.

பாட்டு கேட்கிற ஹெட்போன் ஒன்று கையில் இருக்கிறது. அது போதாதா?

ஆரம்பிக்கப் போதும். ஆனால் கேட்பதும் வாசிப்பதும் ஒன்றில்லை. பாட்டு கேட்கும்போது சத்தம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, ஹெட்போன் அதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் காட்டினாலும் பாட்டு மாறப்போவதில்லை. வாசிக்கும்போது அப்படி இல்லை. காதில் விழுவதை வைத்துத்தான் கை அடுத்த கீயை எவ்வளவு அழுத்தத்தில் தட்டுவது என்று முடிவு செய்கிறது. அதனால் ஹெட்போன் சொல்லும் பொய் உங்கள் விரலில் போய்ப் படியும்.

எனக்கு நடந்தது இது. பாஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி, கும்மென்று அடிக்கிற ஒரு ஹெட்போனில் ஒரு வருடத்துக்கு மேல் பழகினேன். கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் தெரிந்தவர் வீட்டில் நிஜமான அப்ரைட் பியானோவில் உட்கார்ந்து வாசித்தால் இடது கை இருக்கிற இடமே தெரியவில்லை. ஹெட்போன் பாஸைத் தானாகத் தூக்கிக்கொடுத்ததால், என் இடது கை தட்டாமலேயே தடவிப் பழகியிருந்தது. அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது.

எனவே நான் முதலில் பார்ப்பது, எதையும் தூக்கிக் காட்டாத, சமனான ஒலி உள்ள ஹெட்போனா என்பதைத்தான். பெட்டியில் 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்று பெருமையாகப் போட்டிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

ப்ளூடூத் ஹெட்போன் வாங்கலாமா?

வேண்டாம். பாட்டுக்கு எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும் சரி, வாசிக்க வேண்டாம்.

காரணம் தாமதம். ப்ளூடூத்தில் சத்தத்தைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிப்பதற்குள் எஸ்பிசி என்ற சாதாரண சுருக்கும் முறையில் 150 முதல் 250 மில்லி செகண்ட் வரை போய்விடும். படம் பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் போன் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திக் காட்டிவிடும். உங்கள் விரலை யாரும் தாமதப்படுத்த முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 120 துடிப்பு வேகத்தில், ஒரு துடிப்புக்கு நாலு சுரம் வாசித்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் 125 மில்லி செகண்ட்தான் கிடைக்கிறது. 200 மில்லி செகண்ட் தாமதம் என்றால் நீங்கள் இரண்டாவது சுரத்தைத் தாண்டி மூன்றாவதை நெருங்கும்போதுதான் முதல் சுரமே காதில் விழும். இன்னொரு விதமாகச் சொன்னால், காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது, ஆக இது 69 மீட்டர் தள்ளி ஸ்பீக்கரை வைத்துவிட்டு வாசிப்பதற்குச் சமம். 10 மில்லி செகண்ட் என்றால் மூன்றரை மீட்டர், அது பரவாயில்லை, பலருக்குத் தெரியவே தெரியாது.

ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறையில் இது 40 மில்லி செகண்ட் அளவுக்குக் குறையும், ஆனால் அனுப்புகிற கருவியும் வாங்குகிற ஹெட்போனும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். 40-ம் என் காதுக்கு உறுத்துகிறது. ஒயரே கூடாது என்றால் ப்ளூடூத் அல்லாத, 2.4 கிகாஹெர்ட்ஸில் தனி டிரான்ஸ்மிட்டரோடு வரும் இசைக்கருவி ஹெட்போன்கள் இருக்கின்றன, அவற்றில் தாமதம் சில மில்லி செகண்ட்தான். அவை விலை கூடியவை. ஒயர் மேல் அவ்வளவு வெறுப்பு இருந்தால் மட்டும் போங்கள்.

என் பியானோவிலேயே ப்ளூடூத் இருக்கிறது என்று போட்டிருக்கிறதே?

அது உங்கள் ஹெட்போனுக்காக இல்லை. பெரும்பாலான பியானோக்களில் இரண்டு வகை ப்ளூடூத் வரும். ஒன்று ஆடியோ, அதாவது போனில் ஓடும் பாட்டு பியானோவின் ஸ்பீக்கரில் கேட்கும். இன்னொன்று மிடி, எந்தக் கீயை எவ்வளவு வேகமாகத் தட்டினீர்கள் என்ற தகவல் மட்டும் ஆப்புக்குப் போகும். இரண்டிலும் பியானோவின் சத்தம் ஹெட்போனுக்கு வராது. இது தெரியாமல் ஹெட்போனை இணைக்கப் பார்த்து அரை நாளை வீணாக்கியவர்கள் நிறையப் பேர்.

ப்ளூடூத் ஹெட்போனோடு ஒயரும் கொடுத்திருக்கிறார்கள். ஒயரில் வாசிக்கலாமா?

பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் சில மாடல்கள் ஒயரில் வரும் சத்தத்தையும் உள்ளே டிஜிட்டலாக்கி, பாஸைக் கூட்டி, இரைச்சலை வடிகட்டி, அப்புறம்தான் காதுக்கு விடும். அங்கே கொஞ்சம் தாமதம் நுழையும். பவரை அணைத்துவிட்டு ஒயரில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் அணைத்தபடியே வாசியுங்கள்.

ஓப்பன் பேக், க்ளோஸ்டு பேக் என்கிறார்களே, எது நல்லது?

க்ளோஸ்டு பேக் என்றால் காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடியிருக்கும். ஓப்பன் பேக்கில் அங்கே வலையோ துளைகளோ இருக்கும், காற்றும் சத்தமும் தாராளமாகப் போய்வரும். செமி ஓப்பன் நடுவில்.

பியானோவுக்கு எனக்குப் பிடித்தது ஓப்பன்தான், தயங்காமல் சொல்வேன். பியானோ ஒலி என்பது அறைக்குள் பரவுகிற ஒலி. மூடிய கிண்ணத்துக்குள் அது தலைக்கு நடுவில் உட்கார்ந்து வாசிப்பதுபோலத் தோன்றும், ஓப்பனில் கொஞ்சம் வெளியே, முன்னால் விரிந்து கேட்கும். காதும் சீக்கிரம் வேர்க்காது. யாராவது கூப்பிட்டால் காதில் விழும், அடுப்பில் குக்கர் வைத்துவிட்டு வந்து உட்காருகிற ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஓப்பனில் வெளியே சத்தம் கசியும். பக்கத்தில் ஒருவர் தூங்குகிறார் என்றால் நீங்கள் வாசிப்பது சன்னமாக, தகர டப்பாவில் வாசிப்பதுபோல அவருக்குக் கேட்கும். அதே மாதிரி அவர் பார்க்கும் டிவி உங்களுக்குக் கேட்கும். அடுத்த அறையில் என்றால் பிரச்சினை இல்லை, ஒரே அறை என்றால் க்ளோஸ்டு வாங்குங்கள், பேச்சே இல்லை.

வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் உதவுமா?

எனக்கு ஒத்துவரவில்லை. விமானத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி காதில் ஓர் அழுத்தம், ஒலியிலும் சின்ன மாற்றம். அமைதியான அறையில் அதற்குத் தேவையே இல்லை.

ஓம் கணக்கு ஒன்று சொல்கிறார்கள். 32, 80, 250... இதில் எதைப் பார்ப்பது?

அது மின்தடை, இம்பீடன்ஸ். எண் கூடக்கூட அதே சத்தத்துக்கு பியானோ அதிக மின்னழுத்தம் தர வேண்டும். பியானோவின் ஹெட்போன் ஜாக்குக்குப் பின்னால் பிரமாதமான ஆம்ப்ளிஃபையர் எல்லாம் இருக்காது. ஆகவே 32 முதல் 100 ஓம் வரை உள்ளதை எடுத்தால் கவலையில்லாமல் இருக்கலாம்.

எண் மட்டும் கதையைச் சொல்லாது, சென்சிட்டிவிட்டி (கொடுக்கிற மின்சாரத்துக்கு ஹெட்போன் எவ்வளவு சத்தம் தரும் என்பது) என்ற இன்னொன்றும் சேர்ந்துதான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. 300 ஓம் உள்ள சென்ஹைசர் ஹெச்டி 600-ஐயே சில பியானோக்கள் ஓரளவு சமாளித்துவிடும், வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சத்தம் குறைவாக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா, நீங்கள் தெரியாமலே கீயை ஓங்கி அடிக்க ஆரம்பிப்பீர்கள். மணிக்கட்டு வலி வந்து, ஹெட்போனை மாற்றியதும் அந்த வலி போய்விட்ட ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ மாதிரி ஒரே ஹெட்போன் 32, 80, 250 என்று பல ஓமில் வருவதும் உண்டு. பியானோவுக்கு என்றால் 80 எடுங்கள். கடையில் 250 மட்டும் மிச்சம் இருக்கிறது, விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றால் மயங்காதீர்கள்.

பெயர் சொல்லுங்கள். எதை வாங்குவது?

எல்லாருக்கும் ஒன்றே பொருந்தாது, ஆனாலும் நான் மாட்டிப் பார்த்தவற்றில் சொல்கிறேன். க்ளோஸ்டு வேண்டுமென்றால் சோனி எம்டிஆர்-7506 (63 ஓம்), ஸ்டுடியோக்களில் 1991-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் பழைய குதிரை, எடை குறைவு, உச்ச ஸ்தாயி கொஞ்சம் பளீரென்று இருக்கும். மேலே சொன்ன டிடி 770 ப்ரோ காதுக்கு மெத்து மெத்தென்று இருக்கும், பாஸ் ஒரு பிடி தூக்கல். ஆடியோ டெக்னிகா ஏடிஹெச்-எம்50எக்ஸ் (38 ஓம்) எந்தப் பியானோவிலும் சத்தமாக ஓடும், ஒயரைக் கழற்றி மாற்றலாம், ஆனால் கிண்ணம் சின்னது, பெரிய காதுக்காரர்களுக்கு ஓரம் அழுத்தும். செமி ஓப்பனில் ஏகேஜி கே240 ஸ்டுடியோ (55 ஓம்), விலைக்கு ரொம்ப நியாயமான சாமான். ஓப்பனில் சென்ஹைசர் ஹெச்டி 560எஸ், அது 120 ஓம் என்றாலும் பெரும்பாலான பியானோக்களில் தாராளமாகப் போதும், நான் இப்போது வாசிப்பது அதில்தான்.

பியானோ கம்பெனிகளே தங்கள் பெயர் போட்டு விற்பதும் மோசமில்லை. ஆனால் அதே பிராண்டு பியானோவுக்கு அதே பிராண்டு ஹெட்போன்தான் போட வேண்டும் என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

இரண்டு மணி நேரம் மாட்டினால் தலை வலிக்கிறது. எதைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்?

இதை ஒலிக்குச் சமமாக வைப்பேன். கடையில் நேராக நின்று இரண்டு நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறோம். பியானோ முன்னால் நாம் அப்படி இருப்பதில்லை, தலை பாதி நேரம் கையைப் பார்த்துக் குனிந்திருக்கும். எனவே கடையிலேயே மாட்டிக்கொண்டு குனிந்து பாருங்கள், இடதும் வலதுமாகத் தலையைத் திருப்புங்கள். முன்னால் நழுவி நெற்றிக்கு வந்தால் அது வேண்டாம். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

எடை 300 கிராமுக்குள் இருந்தால் நல்லது. காதின் மேல் உட்காருகிற சின்ன வகையைவிடக் காதை முழுக்கச் சுற்றி மூடுகிற வகை நீண்ட நேரத்துக்குத் தாங்கும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும். மெத்தைக்கும் தலைக்கும் நடுவில் கண்ணாடிக் காம்பு புகுந்து இடைவெளி விட்டால் க்ளோஸ்டு ஹெட்போனில் பாஸ் அப்படியே ஒழுகிப் போய்விடும். வெல்வெட் மெத்தை காம்பைச் சுற்றி அமுங்கிக்கொடுக்கும்.

ரெக்ஸின் மெத்தை இரண்டு மூன்று வருடத்தில் உரிய ஆரம்பிக்கும். ஒரு நாள் வெள்ளைக் கீக்களின் மேல் கறுப்புப் பொடியாக ஏதோ கிடக்கிறதே என்று ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தேன், எறும்போ என்னவோ என்று நினைத்து. அப்புறம் கண்ணாடியில் பார்த்தால் காதைச் சுற்றியும் அதே பொடி. மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கிற மாடலா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஒயர் எவ்வளவு நீளம் வேண்டும்?

இரண்டரை முதல் மூன்று மீட்டர். போனுக்கு வரும் ஒரு மீட்டர் ஒயர் போதவே போதாது, ஜாக் பல பியானோக்களில் கீபோர்டுக்கு அடியில் இடது ஓரத்தில் இருக்கும், அங்கிருந்து தலைக்கு வருவதற்குள் இழுத்துக்கொண்டு நிற்கும். சுருள் ஒயர் நீளும்தான், ஆனால் தலையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். ஒயர் இடது கிண்ணத்திலிருந்து மட்டும் இறங்குகிற மாதிரி எடுங்கள், முதுகுப் பக்கம் போட்டுவிட்டால் கையில் தட்டாது.

பின் பெரிசாக இருக்கிறது, ஜாக் சின்னதாக இருக்கிறது. என்ன செய்வது?

பெரியது 6.35 மில்லிமீட்டர், சின்னது 3.5. எந்த பியானோவில் எது என்பது மாடலுக்கு மாடல் மாறும், சிலவற்றில் இரண்டுமே உண்டு. அடாப்டர் போட்டுக்கொள்ளலாம், ஒலி கெடாது. அடாப்டரின் உலோகத் தண்டில் இரண்டு கறுப்பு வளையம் இருக்க வேண்டும், அதுதான் ஸ்டீரியோ. ஒரே வளையம் என்றால் மோனோ, ஒரு காதில்தான் கேட்கும். பியானோ கெட்டுப்போய்விட்டது என்று சர்வீஸ்காரரைக் கூப்பிடும் முன் இதைப் பாருங்கள், பின் முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பியானோவில் சின்ன ஜாக், ஹெட்போனில் பெரிய பின் என்றால் கட்டையான அடாப்டரை நேரடியாகச் செருகாதீர்கள், முழங்கால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கும் ஜாக்கே ஆடிவிடும். அரை சாண் ஒயரோடு வரும் அடாப்டர் வாங்குங்கள்.

இயர்போனில் வாசிக்கலாமா?

ஒயர் உள்ள நல்ல இயர்போன் என்றால் தாராளமாக. இரண்டு சங்கடம்: ஒயர் சட்டையில் உரசும் ஒவ்வொரு முறையும் காதுக்குள் கரகரக்கும், அப்புறம் சில பியானோக்களில் சன்னமான ஒரு 'ஸ்ஸ்' இரைச்சல் இயர்போனில் மட்டும் தெரியும்.

கேமிங் ஹெட்செட்?

வேலை செய்யும். கால் சத்தமும் வெடிச்சத்தமும் தூக்கலாகக் கேட்கும்படி செய்தது, அதில் ஒரு மெல்லிய மெட்டு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

88 கீயும் கேட்க வேண்டும் என்றால் ஹெட்போன் எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டும்?

ஆகக் கீழே இருக்கும் கீ 27.5 ஹெர்ட்ஸ், ஆக மேலே 4186 ஹெர்ட்ஸ். பெட்டியில் 5 முதல் 40,000 என்று போட்டிருப்பதைப் பார்த்து அசர வேண்டாம், மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது. நிஜப் பியானோவிலேயே ஆகக் கீழ்ச் சுரத்தின் அடிப்படை அதிர்வு பலவீனமானதுதான், மேலே அடுக்கடுக்காக வரும் துணை அதிர்வுகளை வைத்து மூளை அந்தச் சுரத்தைக் கட்டிக்கொள்கிறது.

எண்களைவிட இந்தச் சோதனை உதவும். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒவ்வொரு கீயாக, ஒரே அழுத்தத்தில், மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நடுவில் சில சுரங்கள் மட்டும் திடீரென்று முன்னால் குதிக்கிறதா, சில மட்டும் பின்வாங்குகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் அதே பியானோவில் வேறு ஹெட்போனில் தட்டுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் குதித்தால் பியானோவின் பதிவு அப்படி, ஒன்றில் மட்டும் என்றால் ஹெட்போன்.

வால்யூமை எங்கே வைப்பது?

முதலில் பியானோவின் ஸ்பீக்கரில் இயல்பாக எவ்வளவு சத்தத்தில் வாசிப்பீர்களோ அதைக் காதில் வாங்கிக்கொண்டு, அப்புறம் ஹெட்போனை மாட்டி அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். வலுவாகத் தட்டினால் வலுவாகக் கேட்க வேண்டும், காது கூசக் கூடாது. அந்த இடத்தில் குமிழின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், தினமும் அதே இடம். கை ஒரே அளவுகோலில் பழகும்.

பியானோவில் ஒரு பொறி இருக்கிறது. மெல்லிய இடத்தை வாசிக்கும்போது கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றுவோம், அடுத்த பக்கத்தில் இரண்டு கையும் சேர்ந்து இடிக்கிற இடம் வரும்போது குறைக்க மறந்திருப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும், 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். வாசித்து முடித்துக் கழற்றியதும் காதில் 'ஙொய்' என்று கேட்டால் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள்.

குழந்தைக்கு?

வால்யூமுக்கு உச்சவரம்பு வைத்த, சின்னத் தலைக்கான ஹெட்போன். பெரியவர்களுடையதை மாட்டினால் குனியும்போதெல்லாம் மடியில் விழும், பிள்ளை வாசிப்பதைவிட ஹெட்போனைத் தூக்கிவிடுவதிலேயே இருக்கும். பியானோவில் இரண்டு ஜாக் இருந்தால் நீங்களும் ஒன்றை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காரலாம், சத்தம் சரியாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஹெட்போன் மாட்டியும் கீழ் வீட்டிலிருந்து புகார் வருகிறது!

இசை கேட்டு வரும் புகார் இல்லை அது. கீக்கள் அடியில் மோதும் 'டொக் டொக்', பெடல் இறங்கும் 'தம்', இரண்டும் ஸ்டாண்டு வழியாகத் தரைக்கு இறங்கிக் கீழே கூரையில் கேட்கும். உங்கள் காதில் ஹெட்போன் இருப்பதால் உங்களுக்கு மட்டும் தெரியாது. ஒரு தடவை பவரை அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே கனமான ரப்பர் பாய், அதன் மேல் பெடல், முடிந்தால் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைப்பது, இவ்வளவும் செய்தால் பாதிக்கு மேல் அடங்கும். மீதிக்குக் கீழ் வீட்டுக்காரரிடம் எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டுவிடுவதுதான் வழி.